எழுதுகருவியும் எழுதுவோரும்

பாடத்தை நடத்தி முடித்ததும் "விளங்கிற்றா?" என்று கேட்பது ஆசிரியர் வழக்கம். "விளங்கிற்று, ஐயா" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் பணியாற்றிய நான் அவ்விடையைப் பல்லாயிரம் முறை கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். மறுநாள் கணக்கேட்டைத் திறந்து பார்க்கும்போது அம்மகிழ்ச்சி நிலைப்பதில்லை. வாய் ஒன்று சொல்லியிருக்கும். கை வேறொன்று செய்திருக்கும்.

கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்குவோரும் இவ்வாறே ஏமாந்ததுண்டு. உங்களுள் பலர் நாளை ஆய்வேடு எழுதப் போகிறவர்கள். குறிப்பெடுத்தல், மேற்கோள் சேர்த்தல், அடிக்குறிப்பு இடுதல், நெறியாளர் திருத்தங்களை ஏற்றுதல் ஆகிய அனைத்துக்கும் இன்று செயலிகள் உள்ளன. அவற்றை ஆக்கியவர், "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால், பயன்படுத்துவோர் பெரும்பாலும் "நன்றாகவே இருக்கிறது" என்பர். ஆகவே, கேட்பதோடு நில்லாமல், எழுதுபவர் அருகில் அமர்ந்து அவர் எங்கே தயங்குகிறார், எங்கே திரும்பிப் போகிறார் என்று நோக்கும் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. பயனர் அனுபவ ஆராய்ச்சி என்பது அதன் பெயர். பெயர் சற்று நீளம். வேலை எளியது போலத் தோன்றும்.

இதன் தொடக்க கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில், 1970ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. ஆம், நகல் எடுப்பதற்கே நாம் பெயராக வைத்துக்கொண்டோமே, அதே ஜெராக்ஸ்தான். அங்கே 1974ஆம் ஆண்டளவில் 'பிராவோ' என்றொரு எழுதுமென்பொருள் உருவாயிற்று. அக்காலத்துக்கு அது பெரும் சாதனை. ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே விசைப்பலகைக்கு இரண்டு நிலைகள். ஒரு நிலையில் விசையை அழுத்தினால் எழுத்து விழும். மற்றொரு நிலையில் அதே விசை ஒரு கட்டளையாகிவிடும்.

கட்டளை நிலையில் இருப்பதை மறந்த ஒருவர், 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத எண்ணி அதன் நான்கு எழுத்துகளைத் தட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து, 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்னும் கட்டளை. இரண்டாவது, 'அழித்துவிடு.' மூன்றாவது, 'புதிதாகச் சேர்.' நான்காவது எழுத்து மட்டுமே எழுத்தாக விழும். கட்டுரை முழுவதும் மறைந்து, வெள்ளைத் திரையில் ஓர் எழுத்து நிற்கும்! கடைசியாகச் செய்த ஒன்றை மட்டுமே மீட்க முடியுமாதலின், அந்த ஒற்றை எழுத்தை நீக்கலாமே தவிர, போன கட்டுரை திரும்பாது. பழகியவர்கள், "நிலையைக் கவனித்துத் தட்டவேண்டும்" என்றிருப்பார்கள். பழகியவர்கள் எங்கும் அப்படித்தானே சொல்வார்கள்!

லாரி டெஸ்லர் என்னும் அறிஞர் அதை ஒப்பவில்லை. அப்போது ஜெராக்ஸின் உடைமையாக ஜின் என்னும் பாடநூல் வெளியீட்டகம் இருந்தது. அதன் பதிப்பாசிரியர்களுக்கு ஏற்ற எழுதுமென்பொருள் வேண்டியிருந்தது. ஜின் சார்பில் வந்த டிம் மாட் என்பவரும் டெஸ்லரும் இணைந்தனர். மாட் பதிப்பாசிரியர்களின் வேலையை அவர்கள் இடத்திலேயே கண்டார். தாளைக் கத்தரித்து வேறிடத்தில் ஒட்டுவதும், ஓரத்தில் திருத்தக் குறி இடுவதும் அவர்கள் கைக்குப் பழகிய வேலைகள். பின்னர் அவர்களை வெறுந்திரையின் முன் அமர்த்தி, "உங்கள் தாள் இதில் தெரிவதாக எண்ணிக்கொண்டு, என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார்.

டெஸ்லரும் இத்தகைய சோதனையைச் செய்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் அலுவலகப் பெண்மணியை, கணிப்பொறிப் பழக்கம் ஏற்படுமுன்னரே, திருத்தக் குறிகள் இட்ட ஒரு தாளுடன் வெறுந்திரை முன் அமரச் செய்தார். அப்பெண்மணி, சேர்க்கவேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டி அங்கே எழுதுவேன் என்றும், நீக்கவேண்டியதைச் சுட்டிக்காட்டி நீக்குவேன் என்றும் இயல்பாகச் சொன்னார். நிலை மாற்றுவது என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை.

இவ்வாறு பிறந்ததே 'ஜிப்சி' என்னும் மென்பொருள், ஆண்டு 1975. சுட்டிய இடத்தில் எழுதலாம். வெட்டியதை வேறிடத்தில் ஒட்டலாம். சில மணி நேரப் பழக்கத்திலேயே பதிப்பாசிரியர்கள் அதைக் கையாண்டனர். இன்று நீங்கள் கைப்பேசியில் ஒரு வரியை வெட்டி ஒட்டும்போது, அந்தப் பாடநூல் மேசையின் கத்தரிக்கோலும் பசையும் உங்கள் விரலில் இருக்கின்றன. டெஸ்லர் 2020ஆம் ஆண்டில் காலமானார். 'நிலைகள் வேண்டா' என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துகளைத் தம் காரின் எண் பலகையில் பொறித்து வைத்திருந்தவர் அவர்.

பிற்காலத்தார் இம்முறைக்கு ஒழுங்கு கற்பித்தனர். 1982இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கிளேட்டன் லூயிஸ், வேலை செய்யும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்யும் முறையை எழுதி வைத்தார். 1993இல் நீல்சன், லாண்டவர் இருவரும் செய்த கணக்கை ஒட்டி, ஐந்து பேரை நோக்கினாலே குறைகளில் நூற்றுக்கு 85 வெளிப்படும் என்று சொல்வதுண்டு. இதை வேதவாக்காகக் கொள்ளலாகாது. வரலாறு எழுதுபவரும் வேதியியல் எழுதுபவரும் ஒரே ஐவருள் அடங்கார். மேலும், ஆய்வேடு ஒரு மணி நேர வேலையன்று. ஆண்டுக் கணக்கில் நடப்பது. ஆதலால் நாட்குறிப்பு எழுதச் செய்து படிப்பவர்களும் உண்டு. ஒரு நாளில் எத்தனை சொல் எழுதினீர் என்று எண்ணிக் காட்டும் செயலிகளை நான் நம்புவதில்லை. முந்நூறு சொற்களை அடித்தெறிந்தவரும் அன்று நன்றாக உழைத்தவரே.

என் முன்னாள் மாணவர் ஒருவர் இத்தகைய செயலியை ஆக்கி வருகிறார். ஓய்வுக்குப் பின் எங்கள் வட்டாரத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி நான் நூல் எழுதிவருவதை அறிந்து, கணிப்பொறியுடன் வீட்டுக்கு வந்தார். "நினைப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே எழுதுங்கள், ஐயா" என்றார். ஓர் இயலை முடித்தேன். திரையில் 'காப்பகம்' என்றொரு பொத்தான் இருந்தது. இயலைக் காத்து வைக்கும் என்று நம்பி அழுத்தினேன். இயல் கண்ணைவிட்டு மறைந்தது! பழையனவற்றை ஒதுக்கிவைக்கும் இடமாம் அது. பத்து நிமிடம் தேடினேன். வியர்த்துவிட்டது. "என் பிழைதான், தம்பி" என்றேன்.

"இல்லை, ஐயா. உங்களுக்கு முன் நால்வர் எழுதினார்கள். மூவர் இதையே செய்தார்கள். பிழை நான் வைத்த பெயரில் இருக்கிறது" என்றார் அவர். குறிப்பேட்டில் என் பெயரைப் போடாமல், நான் தடுமாறிய இடத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அரையாண்டுத் தேர்வில் நான் அமைத்த கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 'வயலின் நீளம் அகலத்தைவிட இரு மடங்கு அதிகம்' என்று எழுதியிருந்தேன். அகலத்தோடு இரு மடங்கு கூட, ஆக மூன்று மடங்கு என்பது என் கருத்து. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு மடங்கு என்றே கொண்டு கணக்கிட்டிருந்தனர். அனைவருக்கும் சுழியம் போட்டேன். கவனமின்மை பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஒரு மாணவி எழுந்து, "இரண்டு விதமாகவும் பொருள் வருகிறதே, ஐயா" என்றாள். உட்காரச் சொன்னேன். மதிப்பெண் திருத்தப்படவில்லை. பாதி வகுப்பு ஒரே இடத்தில் இடறியது என்பதே போதிய சான்று. அதை என் கையிலேயே விடைத்தாள்களாக வைத்திருந்தும் நான் படிக்கவில்லை.

மறுமாதம் அம்மாணவர் மீண்டும் வந்தார். 'காப்பகம்' போய் 'ஒதுக்கி வை' என்றாகியிருந்தது. ஒதுக்கியது எங்கே சென்றது என்பதும் கீழே தெரிந்தது. அங்கே நான் தடுமாறவில்லை. அடிக்குறிப்புச் சேர்க்கும் இடத்தில் திகைத்து நின்றேன். அவர் முகம் மலர்ந்து குறிப்பேட்டைத் திறந்தார்.