எட்டாவது சர்வர்

டெவலப்பரின் கணினியில் சிக்கலின்றி ஓடிய ஜாவா நிரல், சர்வரில் ஏற்றியதும் தொடங்க மறுக்கிறது. நீளமாக விழும் பிழைச் செய்தியில் தேட வேண்டியவை இரண்டு எண்கள்: 61.0, 52.0. முதலாவது ஜாவா 17, அடுத்தது ஜாவா 8. புதிய ஜாவாவில் தொகுத்த நிரல் பழைய ஜாவாவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தொகுத்த ஒவ்வொரு கிளாஸ் கோப்பிலும் முதல் நான்கு பைட்டுகள் ஜாவா கோப்பு என்பதற்கான அடையாளம். அடுத்த நான்கில் பதிப்பு எண். எட்டாவது பைட்டில் பதினாறடிமான முறையில் 34 என்று இருந்தால், நம் கணக்கில் அது 52. தன்னால் கையாள முடியாத எண்ணைக் கண்டால், அந்தக் கோப்பில் ஒரு வரியைக்கூட ஜாவா இயக்காது.

இனி சர்வரில் எந்த ஜாவா இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே சர்வரில் இரண்டு ஜாவாக்கள் இருக்கலாம். கட்டளை வரியில் கேட்டால் 17 என்று சொல்லும், பின்னணியில் ஓடும் சேவையோ 8-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சேவை எதை எடுக்கிறது என்பதையே கேட்க வேண்டும்.

சொல்லிவிட்டு நிற்கும் பிழை சின்னத் தலைவலி. சொல்லாமல் ஓடுவதுதான் பயங்கரம்.

2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கவிருந்த ஒரு திட்டத்துக்காக, நைட் கேப்பிட்டல் என்ற தரகு நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. 2003-லேயே கைவிட்ட 'பவர் பெக்' நிரல் அதில் அப்படியே கிடந்தது. அதை முடுக்கும் பழைய குறியையே புதிய நிரலுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். சந்தை திறந்ததும், ஆர்டர் நிறைவேறிவிட்டதை உணராமல் எட்டாவது சர்வர் மீண்டும் மீண்டும் வாங்கியது, விற்றது. சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள். 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

காரணம் தேடிய ஊழியர்கள் புதிய நிரலைச் சந்தேகித்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். பவர் பெக் அவற்றிலும் ஓடத் தொடங்கியது! எட்டிலும் என்ன பதிப்பு இருக்கிறது என்று முதலில் ஒப்பிட்டிருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது.

சந்தை திறக்கும் முன்பே பவர் பெக்கைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்கு வந்திருந்தன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் பொருட்படுத்தவில்லை. 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், நிரல் ஏற்றியதை இரண்டாவது தொழில்நுட்பர் யாரும் சரிபார்க்கவில்லை என்று பதிவு செய்தது. அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ விதியும் அங்கே இருக்கவில்லை.