கினிக்கோழியில் சேவல் எது, பெட்டை எது?

நாட்டுக்கோழி வளர்ப்போர் எவரும் சேவலையும் பெட்டையையும் பிரித்தறியத் தனியே பாடம் கேட்பதில்லை. கொண்டையின் அளவு, வாலிறகின் வளைவு, காலில் முளைக்கும் முள், விடியற்காலைக் கூவல் ஆகியவை பார்த்த மாத்திரத்தில் விடை கூறிவிடும். அதே பண்ணையாளர் கினிக்கோழி வளர்க்கத் தொடங்கும்போது இவ்வடையாளங்களுள் ஒன்றும் துணைக்கு வருவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நிறம், ஒரே புள்ளி, ஒரே வால், ஏறத்தாழ ஒரே எடை. கால் முள் இரண்டுக்குமே இல்லை. இதனால் பல ஆண்டுகள் கோழி வளர்த்த அனுபவமுடையவர்கூட இப்பறவையிடம் ஏமாறுவதுண்டு.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கினிக்கோழி, குறைந்த செலவில் புறக்கடையில் வளர்க்கத்தக்க பறவை. கொட்டகைக்கு வெளியே மேய்ந்து பூச்சிகளையும் புல் விதைகளையும் உண்ணும், வெயிலைத் தாங்கும், கோழிகளைத் தாக்கும் பல நோய்களுக்கு எளிதில் இரையாவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இசத்நகரில் இயங்கும் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டுச் சூழலுக்கேற்பக் காதம்பரி, சித்தாம்பரி, சுவேதாம்பரி ஆகிய வகைகளை உருவாக்கி அளித்துள்ளது. முத்துப் புள்ளியிட்ட கருஞ்சாம்பல், வெளிர் ஊதாச் சாம்பல், வெண்மை என இறகின் நிறம் வகைக்கு வகை மாறும். எனினும் ஒரே வகைக்குள் ஆண் ஒரு நிறம், பெண் வேறு நிறம் என்ற வேறுபாடு கிடையாது.

தவறினால் நேரும் இழப்பு

இனப்பெருக்கத்திற்காக வளர்க்கும் மந்தையில் 4 அல்லது 5 பெட்டைக்கு 1 சேவல் இருப்பது நலம். 25 பறவைகள் கொண்ட சிறு மந்தையொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 20 பெட்டையும் 5 சேவலும் உள்ளன. ஒரு பருவத்தில் பெட்டையொன்று 100 முட்டை இடுகிறது. அவற்றுள் 70 விழுக்காடு கருவுற்றவை. கருவுற்றவற்றில் 75 விழுக்காடு பொரிக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 2,000 முட்டைகளிலிருந்து 1,050 குஞ்சுகள் கிடைக்கும்.

பிரித்தறியாமல் வாங்கியதால் அதே 25 பறவைகளில் 13 பெட்டையும் 12 சேவலும் அமைந்துவிட்டன எனில், முட்டைகள் 1,300 ஆகவும் குஞ்சுகள் ஏறத்தாழ 680 ஆகவும் குறையும். தீவனச் செலவு மட்டும் குறையாது. மிகுதியான சேவல்கள் ஒன்றையொன்று விரட்டிச் சண்டையிடுவதால் மந்தையின் அமைதியும் கெடும். இதற்கு நேர்மாறாக 24 பெட்டைக்கு ஒரே சேவல் அமைந்தாலோ, முட்டைகள் நிறையக் கிடைத்தும் பெரும்பாலானவை கருவுறாதவையாக இருக்கும். 26 முதல் 28 நாள் வரை அடைவைத்துக் காத்திருந்த பின்னரே அவ்வுண்மை தெரியவரும். அதற்குள் ஒரு மாதம் கழிந்திருக்கும். கடன் தவணைக்குரிய நாளோ நெருங்கியிருக்கும்.

முதல் அடையாளம்: குரல்

கினிக்கோழியின் பாலை அறிய மிக நம்பத்தக்க வழி, அதன் குரலைச் செவிமடுப்பதே. பெட்டை ஈரசைக் குரல் எழுப்பும். முதல் அசை குறுகித் தாழ்ந்து ஒலிக்கும். இரண்டாம் அசை சட்டென மேலெழும். ஆங்கிலம் பேசும் நாட்டுப் பண்ணையாளர்கள் இக்குரலைத் திரும்பி வா எனப் பொருள்படும் 'கம் பேக்' என்ற சொற்களாகக் கேட்பர். இக்குரலைப் பெட்டை மட்டுமே எழுப்ப வல்லது. சேவலால் எழுப்ப இயன்றது ஓரசைக் குரல் மட்டுமே. 'சீ, சீ, சீ' என ஒரே சுருதியில் விரைவாக அடுக்கி ஒலிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அச்சமுற்ற வேளையில் பெட்டையும் ஓரசைக் குரலை எழுப்பும். ஆகவே ஈரசைக் குரல் கேட்டால் அது பெட்டை என உறுதி செய்துகொள்ளலாம். ஓரசைக் குரல் கேட்டதனால் மட்டும் அது சேவல் என முடிவு கட்டலாகாது. பலர் தவறுவது இவ்விடத்தில்தான். விற்பனைக் கூண்டில் அஞ்சி நிற்கும் பறவை எழுப்பும் குரல் பெரும்பாலும் ஓரசைக் குரலாகவே இருக்கும். அதைக் கேட்டுச் சேவல் எனக் கருதி ஒதுக்கியவர், நல்ல பெட்டையை இழந்திருக்கக் கூடும்.

குஞ்சுகள் ஏறத்தாழ 6 முதல் 10 வாரங்களுக்குள் இக்குரல்களை எழுப்பத் தொடங்கும். சில பெட்டைகள் மேலும் சில வாரங்கள் கழித்தே ஈரசைக் குரலைப் பழகும். மந்தையில் எல்லாம் சேர்ந்து கத்தும்போது எது எந்தக் குரல் எழுப்புகிறது என்று கண்டறிவது கடினம். அதற்கு எளிய வழியொன்று உண்டு. ஒரு பறவையை மட்டும் பிரித்து, மற்றவை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் தனிக் கூண்டில் விடவேண்டும். கூட்டத்தைப் பிரிந்திருக்க இயலாத இப்பறவை, சற்று நேரத்தில் அழைக்கத் தொடங்கும். அழைப்பு ஈரசையாயின் உடனே அதன் காலில் நிற வளையம் ஒன்றை அணிவித்து மந்தையில் விட்டுவிடலாம். ஓரசையே கேட்டால் முடிவைத் தள்ளிவைத்து, வேறொரு நாள் மீண்டும் சோதிக்க வேண்டும். பல நாள் சோதித்தும் ஈரசை கேளாத பறவையைச் சேவல் எனக் கொள்வது பொருந்தும்.

இரண்டாம் அடையாளம்: தாடி

அலகின் இருபுறமும் தொங்கும் செந்நிறச் சதையாகிய தாடி, முதிர்ந்த சேவலில் பெரிதாகவும் தடித்தும், கிண்ணம்போல் குழிந்து முன்நோக்கி மடிந்தும் இருக்கும். பெட்டையின் தாடி சிறியது. தட்டையாக முகத்தை ஒட்டி அமையும். தலையுச்சியில் உள்ள கொம்பு போன்ற எலும்புப் புடைப்பும் சேவலுக்குச் சற்றே பருத்திருக்கும். இவ்வேறுபாடுகள் 12 முதல் 15 வாரங்களில் புலப்படத் தொடங்கும்.

ஆனால் இவ்வடையாளத்தை ஒரே வயதுடைய பறவைகளிடையே ஒப்பிட்டு நோக்கும்போதுதான் பயனுண்டு. ஓராண்டு வயதான பெட்டையின் தாடி, நான்கு மாதச் சேவலின் தாடியைவிடப் பெரிதாகத் தோன்றலாம். வெவ்வேறு வயதுப் பறவைகள் கலந்த கூட்டத்தில் தாடியை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பது பிழைக்கு இடமளிக்கும்.

மூன்றாம் அடையாளம்: இடுப்பெலும்பு

முட்டையிடும் பருவத்தில் பெட்டையின் அடிவயிற்றில் எச்சவாயின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகள் விலகி நிற்கும். அவற்றிடையே இரண்டு அல்லது மூன்று விரல்களை வைக்க இயலும். சேவலுக்கு அவ்வெலும்புகள் நெருங்கியே இருக்கும். இச்சோதனைக்கு ஒரு வரம்புண்டு. கினிக்கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடும் பறவையன்று. வட இந்தியாவில் பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பர் வரையே முட்டையிடும். குளிர்காலத்தில் பெட்டையின் இடுப்பெலும்புகளும் நெருங்கிவிடுவதால், டிசம்பரில் பறவை வாங்குவோர்க்கு இச்சோதனை உதவாது. இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைக்கும் இது பொருந்தாது.

சோதிக்கும் பொருட்டுப் பறவையைப் பிடிக்கையில் காலைப் பற்றித் தூக்கலாகாது. கினிக்கோழியின் கால் எளிதில் காயமுறும். இரவில் அடைந்திருக்கும் வேளையில், இரு கைகளாலும் இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பதே முறை.

சேவலின் நடத்தையும் ஓரளவு குறிப்புணர்த்தும். முதுகை வளைத்து இறகை உயர்த்தி, நுனிக்காலில் விரைந்து மற்றச் சேவல்களை விரட்டுவது அதன் இயல்பு. எனினும் பெட்டைகளும் சில வேளை ஒன்றையொன்று விரட்டுவதுண்டு. ஆகையால் இதனைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

குஞ்சாக வாங்கும்போது

ஒரு நாள் குஞ்சின் பாலைப் புறத்தோற்றத்தால் அறிய வழியில்லை. எச்சவாயைச் சோதித்து அறியும் முறை, சற்று வளர்ந்த பறவைகளில், பயிற்சி பெற்றவர்க்கே கைவரும். இறகு அல்லது இரத்தத்தைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனை துல்லியமானது. சிறு பண்ணைக்கோ அதன் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே, 'எல்லாம் பெட்டைக் குஞ்சுகள்' என்று கூறிக் கூடுதல் விலைக்கு விற்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி ஆண், பாதி பெண் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுவதே அறிவுடைமை. 20 பெட்டைகள் தேவையெனில், இறப்பையும் கருதி 45 முதல் 50 குஞ்சுகள் வரை வாங்கி வளர்க்கலாம். மூன்று மாதம் நிறைந்ததும் குரலாலும் தாடியாலும் பிரித்து, வேண்டிய சேவல்களை மட்டும் நிறுத்திக்கொண்டு எஞ்சியவற்றை இறைச்சிக்கு விற்கலாம். 12 வாரப் பறவை ஏறத்தாழ 1 கிலோ எடை இருக்கும்; எனவே மிகுதிச் சேவல்களுக்கு இட்ட தீவனச் செலவில் ஒரு பகுதியேனும் மீளும்.

கடன் பெறுவோர் கவனத்திற்கு

2018-19 நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பைத் தொடர்ந்து, கிசான் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போர்க்கும் மீன் வளர்ப்போர்க்கும் விரிவாக்கப்பட்டது. கோழியினப் பறவைகள் வளர்ப்போரும் இதனுள் அடங்குவர். தீவனம், மருந்து, மின்சாரம், கூலி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு இது உதவும். கொட்டகை, குஞ்சு பொரிப்பான், தாய்ப் பறவைகள் ஆகியவற்றுக்குத் தவணைக் கடன் கோரலாம். எக்கடனாயினும், திட்ட அறிக்கையில் மொத்தப் பறவைகள் எத்தனை என்பதோடு, பெட்டை எத்தனை, சேவல் எத்தனை என்றும் தனித்தனியே குறிப்பிடுங்கள். வருவாய்க் கணக்கு முழுவதும் பெட்டைகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. முட்டை வரும் மாதங்களுக்கு ஏற்பத் தவணை நாள்களை அமைத்துத் தருமாறும் கிளை மேலாளரிடம் கேட்கலாம்.

வளர்ந்த பறவைகளை வாங்குவதாயின், வயதும் பால்வாரியான எண்ணிக்கையும் ரசீதில் எழுதப்பெறுவது நலம். இயன்றால் பணம் செலுத்தும் முன் ஒரு காலைப் பொழுதை அப்பண்ணையில் கழித்து, ஒவ்வொரு பறவையின் குரலையும் கேட்டுவிட்டு வாருங்கள். அரை நாள் பொறுமையாகக் கேட்பவர், ஒரு பருவ இழப்பைத் தவிர்த்துக்கொள்ள முடியும்.