மணிக்கயிற்றை விட்ட பிறகு...

கோயில் மணி அடித்தால் ஊர் முழுவதும் கேட்கிறது. மணிக்கயிற்றைப் பிடித்த கை யாருடையது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கத்தோலிக்கக் கோயிலில் சாமியாரைத் தவிர வேறு சிலரும் உழைக்கிறார்கள். விடியுமுன் கதவைத் திறந்து, பீடத்தைத் துடைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிப் பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பவர் கோயில்பிள்ளை. சிறுவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர் உபதேசியார். சாமியார் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர். ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாவற்றையும் பதிவு செய்யும் கிராணி ஒருவர். முப்பது, நாற்பது ஆண்டுகள் இப்படி உழைத்தவர் ஓய்வு பெறும்போது அவர் கையில் என்ன இருக்கிறது? இதுதான் நம் கேள்வி.

தோட்டமும் உபதேசியாரும்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த பிரெஞ்சுக் குருக்களில் சிலர் தமிழ் கற்று நம் மக்களிடையே பணி செய்தார்கள். சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து மாதா கோயில் 1888இல் திறக்கப்பட்டது. ஆனால், ஒரே சாமியார் பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருந்த காலம் அது. அவர் வராத நாள்களில் லயத்து மக்களைக் கூட்டிச் செபம் சொன்னவர் உபதேசியார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தவரும், சவ அடக்கத்துக்கு முன் நின்றவரும் அவர்தான்.

இந்த வேலைக்கு நேரம் காலம் கிடையாது. ஊரார் விடுமுறையில் இருக்கும் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் கோயில் ஊழியருக்கு வேலை மிகுந்த நாள்கள். நள்ளிரவில் சாவுச் செய்தி வந்தாலும் எழுந்து போக வேண்டும். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பண்டிகைச் சோறு சாப்பிட்ட நாள்கள் அவருக்குக் குறைவு.

அன்பளிப்பா, சம்பளமா?

“இது ஆண்டவர் வேலை. கணக்குப் பார்க்கலாமா?” என்று சொல்வோர் உண்டு. ஊழியரே கூட அப்படிச் சொல்லிக்கொள்வார். ஆனால் மளிகைக் கடைக்காரர் கணக்குப் பார்க்கிறாரே!

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே இதற்குப் பதில் சொல்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முழுநேரமும் உழைக்கும் உபதேசியாருக்கு நியாயமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்றது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231ஆம் பிரிவு, திருச்சபைப் பணியில் இருக்கும் பொதுநிலையினருக்குத் தக்க ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. அவர்களுடைய வருங்காலப் பாதுகாப்புக்கும் மருத்துவ வசதிக்கும் ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. 75 வயதில் பதவி விலகும் பங்குச் சாமியாரின் பிழைப்புக்கும் இருப்பிடத்துக்கும் ஆயர் வழி செய்ய வேண்டும் என்பதும் அதே தொகுப்பில்தான் உள்ளது. ஒரே புத்தகம், இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

2021 மே 10ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான பணியாக ஏற்படுத்தினார். அது பெரிய மரியாதை. மரியாதையோடு மாதச் சம்பளச் சீட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் மாதம் 2,000 வெள்ளி வாங்கும் ஊழியருக்குச் சேமநிதியில் அவர் பங்கு 11 விழுக்காடு, 220 வெள்ளி. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 260 வெள்ளி. மாதம் 480 வெள்ளி. ஆண்டுக்கு 5,760 வெள்ளி. முப்பது ஆண்டுக்கு, லாப ஈவைச் சேர்க்காமலே, 172,800 வெள்ளி! அதே பணத்தை ‘அன்பளிப்பு’ என்று உறையில் போட்டுக் கொடுத்துச் சேமநிதி கட்டாமல் விட்டால், கடைசி நாளில் மிஞ்சுவது மாலையும் பொன்னாடையும்தான்.

வீடு எங்கே?

வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. கோயில் வளாகத்து அறையில் குடியிருக்கும் ஊழியரின் நிலையும் அதுதான். அடுத்த ஊழியர் வந்ததும் அறையைக் காலி செய்ய வேண்டும். அறுபது வயதுக்கு மேல் வாடகை வீடு தேடுவது எவ்வளவு சிரமம்! ஆகவே வீட்டுப் பேச்சை நாற்பது வயதிலேயே தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

வேலை, சம்பளம், தங்குமிடம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வின்போது பணிக்கொடை உண்டா என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். பிறகு வாய்ப்பேச்சை நம்பி நிற்க வேண்டாம்.

சேமநிதிக் கணக்கை ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். கைத்தொலைபேசியில் பார்க்கப் பிள்ளைகள் உதவலாம். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் உடனே கேளுங்கள். சொக்சோ பதிவு உண்டா என்றும் பாருங்கள். ஏணியில் ஏறித் தோரணம் கட்டும்போது விழுந்தால் அதுதான் கை கொடுக்கும்.

55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்பதற்காக முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். எடுக்காத பணத்துக்கு லாப ஈவு தொடர்ந்து வரும். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணத்தோடு முடிவதில்லை. நாற்பது ஆண்டு ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு ஓய்வுக்குப் பிறகும் ஐந்து மணிக்கு விழிப்பு வரும். செய்வதற்குத்தான் ஒன்றும் இராது. பழைய பதிவேட்டில் ஒரு பெயரைத் தேட, புதியவருக்குத் திருநாள் ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுக்க அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட ஆள் இருக்கிறது என்பதே முதுமைக்கு மருந்து.

இது கத்தோலிக்கக் கோயிலுக்கு மட்டும் உரிய பேச்சல்ல. மாரியம்மன் கோயில் பூசாரிக்கும், பாலர் பள்ளி ஆயாவுக்கும் இதே கேள்வி உண்டு. அடுத்த கூட்டத்தில் திருவிழாச் செலவைப் பேசி முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்து, “நம் ஊழியருக்குச் சேமநிதி கட்டுகிறோமா?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார வேண்டாம்.