இல்லத் திரைப்படத் தொகுப்பு விவரப்பட்டியலாக்கம்

இல்லத் திரைப்படத் தொகுப்பு விவரப்பட்டியலாக்கம் என்பது ஒருவர் தம் வீட்டில் வைத்திருக்கும் நிகழ்பட நாடாக்கள், குறுந்தகடுகள், இறுவட்டுகள், கணினிக் கோப்புகள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை மென்பொருள் ஒன்றின் துணையுடன் முறைப்படுத்திப் பதிவு செய்வதாகும். கடைகளில் வாங்கிய திரைப்படங்களும், திருமணம், காதுகுத்து, பள்ளி விழா போன்ற குடும்ப நிகழ்வுகளின் படப்பதிவுகளும் இத்தகைய தொகுப்பில் அடங்கும். எது எங்கே உள்ளது, யாரிடம் இரவலாகச் சென்றுள்ளது, எதற்கு வேறு படி இல்லை என்பவற்றை உடனே அறிவதே இதன் நோக்கமாகும்.

பின்னணி

1976இல் சப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ் நாடா, திரைப்படத்தை வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது. 1993இல் வகுக்கப்பட்ட வி.சி.டி வடிவத்தில் ஒரு தகட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும். இதனால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று இரண்டு அல்லது மூன்று தகடுகளாக விற்கப்பட்டது. ஒரு தகடு தொலைந்தால் படம் முழுமையற்றதாகிவிடும். எனவே ஒரு படத்துக்குரிய தகடுகளின் எண்ணிக்கையைக் குறித்து வைப்பது தேவையாயிற்று.

2007இல் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.களை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.களை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. இதன் பின்னர் நடுத்தரக் குடும்பங்களிலும் நூற்றுக்கணக்கான தகடுகள் சேர்ந்தன. அந்நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணையிடப்பட்டது. வி.எச்.எஸ் கருவிகளைக் கடைசியாக உற்பத்தி செய்துவந்த சப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் உற்பத்தியை நிறுத்தியது. தகடுகளும் நாடாக்களும் வீடுகளில் எஞ்சியிருக்க, அவற்றை இயக்கும் கருவிகள் அரிதாகி வருகின்றன.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய சிப்காட் தொழிற்பேட்டைகள் ஒரு தொடர் உற்பத்திப் பகுதியாக விளங்குகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

இல்லத் திரைப்படத் தொகுப்புகளின் தன்மையை மாற்றிய கருவிகள் சிலவும் இப்பகுதியில் உற்பத்தியாயின. நோக்கியா நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலை 2006 முதல் 2014 நவம்பர் வரை செல்லிடத் தொலைபேசிகளை உற்பத்தி செய்தது. டெல் நிறுவனத்தின் கணினி ஆலையும் சாம்சங் நிறுவனத்தின் தொலைக்காட்சி ஆலையும் 2007இல் உற்பத்தியைத் தொடங்கின. படக்கருவி இணைந்த தொலைபேசிகள் பரவியபின், குடும்ப நிகழ்வுகளைப் படமெடுப்பது தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களின் பணி என்ற நிலை மாறியது. பெயரிடப்படாத சிறு நிகழ்படக் கோப்புகள் வீடுதோறும் பெருகின.

இத்தொழிற்பேட்டைகளில் பணியாற்றுவோர் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்குகின்றனர். அறை மாறும்போதும் ஊர் திரும்பும்போதும் தகடுகளையும் வன்தட்டுகளையும் உடன் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. பல மொழியினர் சேர்ந்து வாழுமிடத்தில் ஒரே வன்தட்டில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளப் படங்கள் கலந்திருக்கக்கூடும். எனவே இடம், மொழி, இரவல் ஆகிய மூன்று விவரங்களும் இத்தகைய சூழலில் சிறப்பிடம் பெறுகின்றன.

பதிவில் இடம்பெற வேண்டிய விவரங்கள்

விவரப்பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவும், ஒவ்வொரு பதிவிலும் பல புலங்களும் இருக்கும். இன்றியமையாத புலங்கள் வருமாறு:

• அடையாள எண் – தகட்டின் உறையிலும் பட்டியலிலும் ஒரே எண் எழுதப்பட வேண்டும்.
• தலைப்பு – மூல மொழியிலும், தேவையெனில் ஒலிபெயர்ப்பிலும்.
• வெளியான ஆண்டு, இயக்குநர், முதன்மை நடிகர்கள்.
• மொழி – மூலமா, மொழிமாற்றம் செய்யப்பட்டதா, இருமொழிகளில் தனித்தனியே எடுக்கப்பட்டதா என்ற குறிப்புடன்.
• வடிவம், தகடுகளின் எண்ணிக்கை, ஓடும் நேரம்.
• இருப்பிடம் – அலமாரி, பெட்டி அல்லது வன்தட்டின் பெயர்.
• இரவல் – பெற்றவர், நாள்.
• வேறு படி உண்டா, இல்லையா.

ஆண்டைக் குறிப்பது தமிழ்ப் படங்களுக்குக் கட்டாயமாகும். ஆயிரத்தில் ஒருவன் (1965, 2010), வேட்டைக்காரன் (1964, 2009), பில்லா (1980, 2007), விக்ரம் (1986, 2022) என ஒரே தலைப்பில் வெவ்வேறு படங்கள் வந்துள்ளன. ஹரிதாஸ் என்ற தலைப்பில் 1944இல் ஒரு படமும் 2013இல் அதனுடன் தொடர்பற்ற வேறொரு படமும் வெளியாயின. 1948இல் எஸ். எஸ். வாசன் இயக்கிய சந்திரலேகா தமிழிலும் இந்தியிலும் வெளியானது. ஆகவே ஆண்டு மட்டுமன்றி மொழியும் பதிவாக வேண்டும்.

குடும்பப் படப்பதிவுகளுக்கு இணையத்தில் எத்தகவலும் கிடைக்காது. நிகழ்வு, நாள், இடம், படத்தில் காணப்படுவோரின் பெயரும் உறவும், படமெடுத்தவர் ஆகியவற்றை வீட்டினரே நிரப்ப வேண்டும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் (எடுத்துக்காட்டாக, 2006-05-14 திருமணம்) கணினி தானாகவே அவற்றைக் கால வரிசையில் அடுக்கும். பெயர்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே இப்பணியைச் செய்வது இன்றியமையாதது. முகங்களை அடையாளம் சொல்ல எவருமில்லாத நிகழ்படம், தகடு பழுதின்றி இருந்தாலும், பாதி இழக்கப்பட்டதே ஆகும்.

மென்பொருள்கள்

எளிய தொகுப்புக்கு ஒரு விரிதாளே போதுமானது. சில நூறு பதிவுகளுக்கு மேற்பட்டால் தனி மென்பொருள் உதவும். ஆன்ட் மூவி கேட்டலாக் விண்டோசில் இயங்கும் கட்டற்ற மென்பொருளாகும். ஜிசிஸ்டார், டெலிகோ ஆகியவை லினக்சுப் பயனர்களிடையே அறியப்பட்டவை. இவை இரண்டும் திரைப்படங்களுடன் நூல்கள், இசைத் தகடுகள் போன்றவற்றையும் பட்டியலிட வல்லவை. இரவல் பற்றிய குறிப்புகளையும் பேணுகின்றன. ஜாவா மொழியில் எழுதப்பட்ட டேட்டா குரோ பல இயங்குதளங்களில் இயங்கும். முன்னர் எக்ஸ்.பி.எம்.சி என வழங்கி 2014இல் பெயர் மாற்றம் பெற்ற கோடி, படங்களை இயக்குவதோடு கோப்புகளைத் தானே பட்டியலிடவும் செய்கிறது.

இம்மென்பொருள்களில் பெரும்பாலானவை படத்தின் பெயரைத் தந்தவுடன் ஏனைய விவரங்களை இணையத் தரவுத்தளங்களிலிருந்து பெறுகின்றன. 1990இல் கால் நீதம் தொடங்கி 1998இல் அமேசான் வாங்கிய ஐ.எம்.டி.பி, 2008இல் தொடங்கிய டி.எம்.டி.பி ஆகியவை இவ்வகையில் பெரியவை. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடையாள எண்ணைத் தந்து, அதன் பெயரைப் பல மொழிகளில் சேமிக்கிறது. தமிழ் எழுத்துகளில் தலைப்பு வேண்டுவோருக்கு இது பயனுள்ளது.

தகட்டின் உறையிலுள்ள 13 இலக்கப் பட்டைக்குறியீட்டை வருடியும் சில மென்பொருள்கள் படத்தை இனங்காண்கின்றன. 890 எனத் தொடங்கும் எண் இந்தியாவின் ஜி.எஸ்.1 அமைப்பில் பதிவானது என்பதைக் குறிக்கும். அப்பொருள் இந்தியாவில்தான் உற்பத்தியானது என்று இதற்குப் பொருளன்று. இந்தியத் தகடுகளின் எண்கள் வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் கிடைக்காதபோது தலைப்பைத் தட்டெழுதித் தேடுவதே வழியாகும்.

தமிழில் எழும் சிக்கல்கள்

எழுத்துக் குறியாக்கம்: 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ் விவரங்கள் திஸ்கி, தாப், தாம் போன்ற குறியாக்கங்களில் தட்டெழுதப்பட்டன. தாப், தாம் ஆகியவை 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவானவை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய பட்டியல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்படாவிடின், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

அகர வரிசை: ஒருங்குறி எண்களின் வரிசையும் தமிழ் நெடுங்கணக்கின் வரிசையும் ஒன்றல்ல. நெடுங்கணக்கில் இறுதி மெய்யான னகரம், ஒருங்குறியில் நகரத்தை அடுத்து வருகிறது. ஆகவே எண் வரிசையை மட்டும் பின்பற்றும் மென்பொருளில் "அன்பே சிவம்" முன்னும் "அபூர்வ சகோதரர்கள்" பின்னும் வரும்; நெடுங்கணக்கின்படி அபூர்வ சகோதரர்களே முதலில் வர வேண்டும். புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் உள்ளதால், "மன்மதன்" என்பதற்கு முன் "மனிதன்" வந்துவிடும். ஒருங்குறியின் வரிசைப்படுத்தல் விதிகளை முழுமையாகச் செயற்படுத்தும் மென்பொருள்களில் இச்சிக்கல் இல்லை.

தேடல்: "கொஞ்சும் சலங்கை" என்ற தலைப்பிலுள்ள கொகரத்தை ஒரே உயிர்க்குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறிகளாகவோ உள்ளிட இயலும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றினாலும், இயல்பாக்கம் செய்யாத மென்பொருள் இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கருதும். ஸ்ரீ என்ற எழுத்தும் இருவகையில் குறியாக்கம் பெறும். இதனால் "ஸ்ரீபெரும்புதூர்" என்ற இடப்பெயரைத் தேடும்போது சில பதிவுகள் விடுபடலாம். "திருப்பெரும்புதூர்" என எழுதப்பட்டவை நிச்சயமாக விடுபடும். ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதையே எங்கும் கையாள்வது நன்று.

பெயர்கள்: மேலைநாட்டு மென்பொருள்கள் சில, பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்கின்றன. அவற்றில் சிவாஜி கணேசன் "கணேசன்" என்பதன் கீழ் வருவார். தமிழர் பெயர்களில் முதலெழுத்தாகத் தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ நிற்பதால், பெயரை உள்ளபடியே வரிசைப்படுத்தும் தெரிவைப் பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பு

விவரப்பட்டியல் பொருளைப் பாதுகாப்பதில்லை. எதை முதலில் பாதுகாக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கடையில் வாங்கிய திரைப்படத்துக்கு வேறிடத்தில் படி இருக்கலாம். குடும்பப் படப்பதிவுக்குப் பெரும்பாலும் ஒரே படிதான் உண்டு. வீட்டில் எழுதப்பட்ட தகடுகளின் சாயப்படலம் வெப்பம், ஒளி, ஈரப்பதம் ஆகியவற்றால் சிதையும். நாடாக்களில் பூஞ்சை படரும். எனவே "வேறு படி இல்லை" எனக் குறிக்கப்பட்டவற்றை முதலில் வன்தட்டுக்கு மாற்றி, இரண்டாவது படியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ வைப்பது நன்று. 2015 நவம்பர், திசம்பர் மாதப் பெருமழையில் சென்னை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரே வீட்டில் வைக்கப்படும் இரு படிகள் இத்தகைய பேரிடரில் ஒருசேர அழியக்கூடும்.

விவரப்பட்டியலுக்கும் இது பொருந்தும். மாக் கணினிகளுக்காக 2004இல் வெளியாகிப் புகழ்பெற்ற டெலிசியஸ் லைப்ரரி, அமேசானின் தரவுகளைச் சார்ந்திருந்தது. அவ்வழி அடைபட்டதால் 2024இல் அம்மென்பொருள் கைவிடப்பட்டது. ஆகவே பட்டியலை எளிய உரைக்கோப்பாகவோ எக்ஸ்.எம்.எல் கோப்பாகவோ ஏற்றுமதி செய்ய இயலாத மென்பொருளைத் தவிர்ப்பது நன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்வாறு ஏற்றுமதி செய்து அச்சிட்டும் வைக்கலாம்.

திரைப்படங்களைப் படியெடுப்பது 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். தலைப்பு, ஆண்டு, நடிகர் போன்ற விவரங்களைப் பட்டியலிடுவதற்குத் தடையில்லை.

தனியார் தொகுப்புகளின் முக்கியத்துவம்

தமிழின் முதல் மௌனப் படமான கீசக வதமும், 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாசும் இன்று கிடைப்பதில்லை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் புனேயில் நிறுவப்பட்டது. அழிந்துபோன படங்களைப் பற்றிய செய்திகள் பலவும் தனிமனிதர்கள் சேர்த்த குறிப்புகள், படங்கள், பாட்டுப் புத்தகங்கள் வழியாகவே எஞ்சியுள்ளன. பிலிம் நியூஸ் ஆனந்தன் (இறப்பு: 2016) பல்லாண்டுகள் திரட்டிய விவரங்கள் "சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு" என்ற நூலாக 2004இல் வெளிவந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும் பிறவும், 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின.

வீட்டிலுள்ள தொகுப்பு ஒவ்வொன்றும் நூலகமாவதில்லை. எனினும், விவரப்பட்டியலுடன் கூடிய தொகுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க இயலும். பட்டியலற்ற பெட்டி, உரியவர் மறைந்தபின் பெரும்பாலும் பழைய பொருள் கடைக்கே செல்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

• தமிழ்த் திரைப்பட வரலாறு
• தரவுத்தளம்
• ஒருங்குறி
• எண்ணிமப் பாதுகாப்பு
• திருப்பெரும்புதூர்

பகுப்புகள்: கட்டற்ற மென்பொருள்கள் | ஆவணப்படுத்தல் | தமிழ்க் கணிமை