அறைக்கு முன் ஆழத்தைக் கேளுங்கள்

சொகுசுக் கப்பலில் விடுமுறையைக் கழிக்க விரும்பும் தம்பதியர் முதலில் விசாரிப்பது அறையின் வசதியைத்தான். கப்பல் நீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழும் என்பதை முதலில் கேளுங்கள் என்பேன் நான். பாம்பன் கடலைப் பார்த்த பிறகே இதன் அருமை எனக்குப் புரிந்தது. சேதுவின் மணல்திட்டுகள் நீளும் இக்கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே செல்கின்றன. அவை நெருங்க முடியாத கரைகளை நெருங்குவதே சிறிய கப்பலின் பெருமை.

நெருங்குவதற்கும் எல்லை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. நங்கூரம் பட்டால் பவளம் நொறுங்கும். மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். நங்கூரத்தை எங்கே இறக்குவார்கள், கழிவுநீரை எங்கே விடுவார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் கப்பலையே தேர்ந்தெடுங்கள்.