ஏசி ஓடட்டும், ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது?

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு உள்ளே படுத்தவர்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியைச் சோதித்தபோது, இரண்டே மணி நேரத்தில் உள்ளே கார்பன் மோனாக்சைடு 957 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு) வரை ஏறியது தெரியவந்தது. ஜெனரேட்டர் புகை வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்திருந்தது.

இந்த வாயு 800 பி.பி.எம். இருக்கும் காற்றைச் சுவாசித்தாலே, நல்ல திடகாத்திரமான ஆளுக்கும் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் நினைவு தப்பிவிடும். விழித்திருப்பவராவது எழுந்து கதவைத் திறப்பார். தூங்குகிறவருக்குத் தலைசுற்றுவதே தெரியாது.

கேரளத்தில் 2021-ல் அரசே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிவைத்தது. தமிழ்நாட்டிலும் சினிமா படப்பிடிப்பைத் தாண்டி, குடும்பத்தோடு கேரவன் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வேனில் படுக்கையும் ஏசியும் பொருத்திக்கொள்கிறவர்களும் உண்டு. வாடகை, மைலேஜ், கட்டில் எத்தனை என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பவர் அபூர்வம்.

சின்ன இன்ஜின், பெரிய புகை

கையில் தூக்கிப் போகும் பெட்ரோல் ஜெனரேட்டரைப் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் எரிபொருள் முழுதாக எரிவதில்லை. காரில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பெரும்பாலான சிறிய ஜெனரேட்டர்களில் கிடையாது. ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமமாகக் கார்பன் மோனாக்சைடு கக்கக்கூடும் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இப்படி இறக்கிறார்கள்.

ஏசி என்று வந்தால் சிக்கல் கூடுகிறது. மின்விசிறிக்கும் லைட்டுக்கும் சின்ன பேட்டரி போதும். ஒரு டன் அளவுள்ள கேரவன் ஏசிக்கு ஓடும்போதே 1,200 முதல் 1,500 வாட் வரை வேண்டும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைவிட வெகு அதிகம். அதனால் பெரிய ஜெனரேட்டராக வாங்குகிறார்கள். அதை இரவு முழுக்க ஓட விடுகிறார்கள், அதுவும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு. டீசலில் இந்த வாயு குறைவு என்பது உண்மைதான். இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ரத்தத்தில் நடப்பது

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோல இது முந்திக்கொள்ள, ஆக்சிஜன் வெளியே நிற்கிறது. மூளையும் இதயமும்தான் முதலில் தவிக்கும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இங்கே கைகொடுக்காது. ஹீமோகுளோபினில் ஏறியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பார். விரலில் மாட்டினால் 98 என்று காட்டும்.

‘பிரயாண அலுப்பு’ என்று நினைத்தால்

முதலில் தலைவலி. அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் ஓய்ச்சல், மனக்குழப்பம். கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தவர் இதைப் பித்தம் என்பார். சமவெளியில் இருப்பவர் வெயிலில் அலைந்தது என்பார். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஏசியைக் கூட்டி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார். ஆபத்தே அங்கேதான்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? வெளியே வந்து நின்றால் தேவலாம்போல் இருந்து, உள்ளே போனதும் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் பித்தமல்ல, புகை. மது அருந்தியிருந்தால் இந்த அறிகுறிகளெல்லாம் போதைக் கணக்கில் போய்விடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், இதய நோயாளிகள் சீக்கிரம் பாதிக்கப்படுவார்கள். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ஆபத்து தாயைவிட அதிகம்.

இருபது அடி

ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும்படி வைக்க வேண்டும். காற்று வண்டியை நோக்கி அடிக்கும் பக்கம் கூடாது. ராத்திரியில் காற்று திசை மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டிக்கியில், வண்டிக்கு அடியில், பக்கவாட்டுப் பந்தலின் கீழ், இரண்டு வண்டிகளுக்கு நடுவே வைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்கிறார்களே, அது தவறு. திறந்த ஜன்னல் புகைக்கும் வழிதான்.

ஏன் பக்கத்தில் வைக்கிறார்கள்? ஒயர் எட்டாது, திருட்டு பயம், மழை. தடிமனான நீள ஒயரும், சங்கிலிப் பூட்டும், நாலாபுறமும் திறந்த ஒரு சின்னக் கூரையும் இந்த மூன்றுக்கும் போதும்.

கேரவன் ஏசி பெரும்பாலும் உள்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கும். நச்சு நுழைந்தால் அதை வெளியேற்றாது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் மோசம். அது உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அடித்தளத்தில் ஒயரும் பைப்பும் நுழையும் இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், பக்கத்தில் புகை இருந்தால் அதையும் சேர்த்து. அந்த ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். வண்டியோடு பொருத்திய ஜெனரேட்டர் என்றால், பயணத்துக்கு முன் புகைக்குழாயின் இணைப்புகளை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

படுக்கை அருகே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். தரமானது 400 பி.பி.எம். அளவில் கால் மணி நேரத்துக்குள் அலறிவிடும். புகை அலாரமோ, கேஸ் கசிவு அலாரமோ இதற்கு ஈடாகாது.

என்னைக் கேட்டால், தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது. கரண்ட் இணைப்பு தரும் முகாம் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் படுக்கும்வரை ஏசி, பிறகு பேட்டரியில் மின்விசிறி. கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால்

எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். எலுமிச்சைச் சாறு, சோடா என்று உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். ஆக்சிஜனில் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும். பிழைத்தவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மறதி, நடையில் தடுமாற்றம் தலைகாட்டும் என்பதால், குணமான பிறகும் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் தலைவலி, வாந்தி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஜெனரேட்டர் போட்டு வண்டிக்குள் தூங்கினோம் என்று சொல்லுங்கள். கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.