கூலிக்குச் சிற்பி எங்கே?

காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றிலே பல்லவ மன்னர் வரலாறு கல்லிலே நிற்கிறது. முடி சூடியது, படை நடத்தியது, எல்லாம் உண்டு. மன்னனுக்குச் சிற்பி கிடைத்தான், கூலிக்கு?

1942-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடத் தொடங்கினர். மலாயாத் தோட்டத் தமிழரை ஆசை காட்டியும் பிடித்திழுத்தும் கொண்டுபோயினர். காலரா, பட்டினி, அடி! மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ அதைப்போலப் பன்மடங்கு. கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலே பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. கூலிகளில் பெரும்பாலோர்க்குப் பெயரும் மிஞ்சவில்லை. 1957-இல் வந்த ஆங்கிலப் படமான 'குவாய் நதிப் பாலம்' சொன்னதும் கைதிகள் கதைதான். படத்தின் சீழ்க்கைப் பாட்டு உலகெங்கும் ஒலித்தது, தமிழன் அழுகுரல் ஒலிக்கவில்லை!

இட்லர் கொன்ற யூதர் சுமார் 60 லட்சம். அந்த எண் பிள்ளைகள் மனத்திலே தங்காது. ஆன் பிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பு தங்குகிறது. நமக்கும் நூலுண்டு, தோழர்களே! மலேசியத் தமிழர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல். பிள்ளையார்பாளையத்திலே தறி ஓய்ந்த மாலையிலே, நாளுக்கோர் அத்தியாயம் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்தாலென்ன? பிணக்குவியல் படம் காட்டி மிரட்டவேண்டாம். படித்ததை வரையட்டும், நாடகமாடட்டும். சிப்பாய் வேடத்துக்குப் பத்துப் பையன்கள் முந்துவார்கள். கூலி வேடம் யாருக்கு என்று அவர்களையே கேட்போம்.